புரியாத இடத்தில் ஒரு முந்திரி

இன்று காலை நெய் டப்பாவைத் திறந்தேன். மார்கழிக் குளிரில் பாதி மணல் மணலாய் அடியில் உறைந்து கிடந்தது. பாதி இன்னும் எண்ணெயாய் மேலே நின்றது. முந்திரி கேக்குக்கு நெய் அளக்க வந்தவள் கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டேன். நீ இருந்தால், "கலக்காதடி!" என்று ஓடி வந்திருப்பாய்.

அஞ்சாவது வரைக்கும் நமக்கு ஒரே பெஞ்சு. அப்புறம் நீ பெரிய படிப்புக்குப் போனாய். நான் முத்தாண்டிக்குப்பத்தில் முந்திரி உடைக்கப் போனேன். உடம்புக்கு முடியாமல் நீ காலேஜ் வேலையை விட்டு, சுரங்கத்து டவுன்ஷிப்பில் உன் அண்ணன் குவார்ட்டர்சுக்கே திரும்பிவிட்டாய் என்று கேள்விப்பட்டுப் பலகாரக் கூடையோடு வந்தேன். படுத்திருப்பாய் என்று நினைத்தால், மடியில் கம்ப்யூட்டரை வைத்துத் தட்டிக்கொண்டிருந்தாய்.

"இன்னாடி பண்ணிகினு இருக்கே?"

"குவார்க்குடி. உன் உடம்பு, என் உடம்பு, மைன்ஸ்ல வெட்டுற கரி, எல்லாத்துலயும் அணுவுக்குள்ள இருக்கிற பொடி. மூணு மூணா கட்டிப்போட்ட மாதிரி கிடக்கும். பயங்கரமான சூட்டுலயோ நெருக்கத்துலயோ கட்டு அவுந்து உருகிடும். எப்ப உருகும்னு கணக்குல செஞ்சு பாக்கறேன்."

"யாருனா போய்ப் பாத்துட்டு வந்தாங்களா?"

"செத்த நட்சத்திரத்தோட வயித்துக்குள்ள யாருடி போவா?"

"அடிப்பாவி, போவாத ஊருக்கு பஸ் டைம் எழுதிகினு இருக்கியா!"

இருமி இருமிச் சிரித்தாய். அன்றைக்கே எனக்கு ஒரு வேலையும் கொடுத்தாய். எழுதியதை நீ நம் பேச்சில் சொல்வாய். எனக்குப் புரியாத இடத்தில் காகிதத்தின்மேல் நான் ஒரு முந்திரி வைக்க வேண்டும். அந்த இடத்தை நீ திருத்திய பிறகுதான் அதைத் தின்னலாம். "உனக்குச் சொல்ல வரலன்னா எனக்கே சரியா தெரியலன்னு அர்த்தம்" என்பாய். முதல் நாள் நான் வைத்த முந்திரியில் காகிதமே தெரியவில்லை. "இன்னாடி இது, பண்ருட்டி மண்டியா?" என்று கேட்டாய்.

அப்புறம்தான் நான் அந்தத் தப்பைச் செய்தேன். ஆஸ்பத்திரியில் மருந்து ஏற்றிக்கொண்டு வந்த அன்று, கடைசிப் பகுதியைச் சொன்னாய். சூடு அதிகமான பக்கத்தில் வெண்ணெய் இளகுவதுபோல மெல்ல மாறுமாம். நெருக்கம் அதிகமான பக்கத்தில் சட்டென்று ஒரே தாவலாம். தாவுகிற இடத்தை எப்படிக் கண்டாய் என்று எனக்குப் புரியவேயில்லை. உன் முகத்தைப் பார்த்தேன். எடுத்த முந்திரியை முந்தானையிலேயே முடிந்துகொண்டேன். "புரிஞ்சிச்சுடி" என்றேன்.

என்னை நம்பி ஆராய்ச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினாய். திரும்பி வந்துவிட்டது. தாவுகிற இடம் சரியாகப் படவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

"அந்த இடம் உனக்குப் புரிஞ்சுதா?"

"இல்ல."

நீ கத்தவில்லை. "பாவம் பாக்க எனக்கு நிறைய பேர் இருக்காங்க. முந்திரி வைக்க நீ ஒருத்திதாண்டி இருக்கே" என்றாய். நாலு அறை விட்டிருக்கலாம்.

முந்தானை முடிச்சை அவிழ்த்து, அந்த முந்திரியைக் காகிதத்தின்மேல் வைத்தேன். "கட்டிப்போட்ட பக்கத்துலேர்ந்தே போறியே, உருகின பக்கத்துலேர்ந்து திரும்பி வந்து பாத்தியா? என் நெய்யி உறைய வேண்டிய குளிர்லயும் தண்ணியாவே நின்னுகினு இருக்கும். கரண்டி வெச்சு கலக்குனாதான் உறையும். அதுக்குப் போற வழி வேற, வர்ற வழி வேற."

நீ நெற்றியில் அடித்துக்கொண்டாய். "இது காலேஜ்ல நானே நடத்தின பாடம்டி!" மருந்து மயக்கத்தில் கணக்கை ஒரு பக்கத்திலிருந்து மட்டும் ஓட்டியிருந்தாய். இரண்டு பக்கமிருந்தும் ஓட்டி, எது நிலைக்கும் என்று ஒத்துப் பார்த்தாய். தாவுகிற இடம் தள்ளிப் போயிருந்தது. மறுபடி அனுப்பினாய். ஏற்றுக்கொண்டார்கள் என்ற சேதி வந்தபோது நீ இல்லை.

நீ பாதியில் விட்ட அடுத்த கணக்கை, காலேஜில் உன்னோடு வேலை பார்த்த கோயம்புத்தூர் சார் முடித்துக்கொண்டிருக்கிறார். நீ சொல்லிவிட்டுப் போனபடி வாராவாரம் எனக்குப் போனில் சொல்லிக் காட்டுகிறார். நெய் டப்பா முன்னால் நான் நின்றுகொண்டிருந்தபோதுதான் இன்றைக்கும் கூப்பிட்டார். குரல் களைத்திருந்தது.

"நாளைக்கு அனுப்பியாகணுங்க. மேடம் இருந்தா சரின்னுதான் சொல்லியிருப்பாங்க. நீங்களும் ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

பாவமாகத்தான் இருந்தது. முடிச்சை அவிழ்த்து, டப்பா மூடிமேல் ஒன்றை வைத்தேன்.

"முந்திரி வெச்சிட்டேன் சார். நட்சத்திரத்தோட நடு வயிறுன்னு சொன்னீங்களே, அதுக்கு முன்னாடிலேர்ந்து ஆரம்பிங்க."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. பிறகு காகிதம் புரளும் சத்தம்.

கேக்கு இன்றைக்குத் தாமதமாகத்தான் ஆகும். முந்தானையில் இப்போதெல்லாம் ஏழெட்டுப் பருப்பு முடிந்தே வைத்திருக்கிறேன். மூடிமேல் வைத்தது அப்படியே இருக்கிறது. அவர் திருத்தட்டும். அதுவரைக்கும் நான் தின்ன மாட்டேன்.