மஞ்சள் மூலையில் ஒரு முடிச்சு

மார்ச் 4

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் உன் வீட்டுக்காரரும் நலந்தானே? இங்கே எல்லோரும் நலம். போனில் பேசினால் நீ ஒருத்தியே பேசி முடித்து வைத்துவிடுவாய், அதனால்தான் பேனாவை எடுத்தேன்.

ஒரு வாரம் கண்காட்சியில் வைத்துவிட்டுத் தருகிறேன் என்று நான் கொக்கி ஊசியில் பின்னிய குரோஷா விரிப்பை எடுத்துப் போனாய். இரண்டு மாதம் ஆகிறது. நேற்று உன் அண்ணன் ஒரு வாரப் பத்திரிகையைக் கொண்டுவந்து காட்டினார். நடுப்பக்கத்தில் சிரித்துக்கொண்டு நீ, பின்னால் என் விரிப்பு. ‘முதல் பரிசு. பதினோரு மாத உழைப்பு’ என்று போட்டிருந்தது. யாருடைய பதினோரு மாதம் பாப்பா? “பத்திரிகைக்காரங்க மாத்திப் போட்டிருப்பாங்க, விடு” என்கிறார் உன் அண்ணன். கடையில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் மூக்குக்கண்ணாடி மாட்டிவிடுகிற மனுஷருக்குத் தன் வீட்டில் நடப்பது மட்டும் கண்ணில் படாது.

அத்தை இடுப்பு உடைந்து படுத்த நாளிலிருந்து எழுந்து நடந்த நாள் வரைக்கும் அந்தக் கட்டிலோரம் உட்கார்ந்து போட்டது அது. உன்னைப் பெற்றவரை நீ வந்து பார்த்தது இரண்டு தடவை. இரண்டாவது தடவை, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

அத்தைக்குக் கால் சில்லிடுகிறது, விரிப்பைக் கேட்கிறார். அனுப்பிவிடு. போட்டது அண்ணி என்று பத்திரிகைக்கும் ஒரு வரி எழுதிவிடு. வேறெதுவும் எனக்கு வேண்டாம்.

உன் அண்ணி

மார்ச் 11

அன்புள்ள அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. ஐயோ, இதற்குப் போய் இவ்வளவு கோபமா? நீங்கள் போட்டால் என்ன, நான் போட்டால் என்ன, நம் குடும்பத்துப் பெயர்தானே வெளியே வருகிறது! “நீங்க போட்டதா?” என்று கேட்டார்கள், கூட்டத்தில் தலையை ஆட்டிவிட்டேன், அவ்வளவுதான். இப்போது போய் மாற்றிச் சொன்னால் என் முகத்தை எங்கே கொண்டுபோய் வைப்பது? உங்களுக்குப் பெருந்தன்மை ஜாஸ்தி, புரிந்துகொள்வீர்கள்.

விரிப்பைக் கூடத்துச் சுவரில் மாட்டியிருக்கிறேன். வருகிறவர்கள் எல்லாம் அதன் முன் நின்று போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். அம்மாவுக்குக் கடையில் நல்லதாக ஒரு போர்வை வாங்கிக் கொடுங்களேன்.

ஒரு சின்ன உதவி. பரிசு வாங்கியதிலிருந்து இங்கே இருபத்திரண்டு பெண்கள் என்னிடம் குரோஷா கற்றுக்கொள்ள வருகிறார்கள். அவர்களுக்குக் கொடுக்க வட்டமான மேசை விரிப்பு ஒன்றின் செய்முறை வேண்டும். சுற்றுச் சுற்றாக எழுதி அனுப்புங்கள், நகல் எடுத்துக் கொடுத்துவிடுகிறேன்.

முத்தங்களுடன்,
பாப்பா

மார்ச் 15

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொன்னதை யோசித்துப் பார்த்தேன். யார் போட்டால் என்ன, சரிதான். நானும் இனி அதைப் பற்றிப் பேசவில்லை.

செய்முறை இதோ. முதல் சுற்றில் ஆறு கண்ணி. அதன் பிறகு சுற்றுக்கு ஆறாகக் கூட்டிக்கொண்டே போ. ஆறாவது சுற்றில் முப்பத்தாறு வரும். அதற்கு மேல் கூட்ட வேண்டாம், அதே முப்பத்தாறிலேயே நாற்பது சுற்று போகட்டும். பூ மாதிரி விரியும். முதல் பரிசு வாங்கிய கைக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டுமா?

அத்தை உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். உண்மையில் கேட்கவில்லை, நானாகத்தான் எழுதுகிறேன்.

உன் அண்ணி

ஏப்ரல் 6

அண்ணி,

என்ன காரியம் பண்ணிவிட்டீர்கள்! ஒரு வாரம் வீட்டில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தார்கள். இருபத்திரண்டு பேர் கையிலும் நீளநீளமாகப் பை! ஒன்றாவது தட்டையாக விரிய வேண்டுமே! போஸ்ட் ஆபீஸில் வேலை பார்க்கிற ஒருத்தி, “டீச்சர், இதுல மேசைக் காலை நுழைக்கணுமா?” என்று கேட்டாள். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கு உயிரே போய்விட்டது. உடனே, “தண்ணி பாட்டிலுக்கு உறைங்க, சஸ்பென்ஸா வச்சிருந்தேன்” என்றேன். நம்பிவிட்டார்கள்! இப்போது ஆளுக்கு இரண்டு வேண்டுமாம். என் ராசி அப்படி. உங்களுக்கும் வயதாகிறது, மறதி வருவது சகஜந்தான். நான் மனதில் வைத்துக்கொள்ளவில்லை.

இன்னொன்று. 29ஆம் தேதி தலைநகரில் பெரிய கண்காட்சி. விரிப்பை அனுப்பி வைப்பதாகப் பெயர் கொடுத்துவிட்டேன். அதற்கு முன், 18, 19 இரண்டு நாளும் இவர் தங்கை வீட்டுக் கல்யாணம். பூனையைத் தனியாக விட முடியாது. நீங்கள் வந்து இருங்களேன். உங்களைத் தவிர யாரை நம்பிச் சாவியைக் கொடுப்பது? சாவி எதிர்வீட்டு நர்ஸிடம். அப்படியே விரிப்பையும் ஒருமுறை உதறி வையுங்கள், தூசி படிந்திருக்கிறது.

பாப்பா

ஏப்ரல் 19

பாப்பா,

பூனை நன்றாகச் சாப்பிட்டது. செடிக்கும் தண்ணீர் ஊற்றிவிட்டேன்.

சுவரைப் பார்த்திருப்பாய். அலறாதே, எதுவும் திருட்டுப் போகவில்லை. மேசை மேல் பதினெட்டு நூல் உருண்டை இருக்கிறது, எண்ணிக்கொள். அதுதான் உன் விரிப்பு. ஒரு இழைகூட நான் எடுத்துப் போகவில்லை. தூசி படிந்திருக்கிறது என்றாயே, இப்போது ஒரு பொட்டுத் தூசி இல்லை.

மடித்துப் பையில் வைத்துத் தூக்கிப் போயிருக்கலாம். போயிருந்தால், ‘அண்ணி என் விரிப்பைத் திருடிவிட்டாள்’ என்று அழுதிருப்பாய், உன் அண்ணனும் நம்பியிருப்பார். அதனால் இங்கேயே உட்கார்ந்து இரண்டு நாளும் பிரித்தேன். குரோஷாவில் கடைசி முடிச்சு எங்கே என்று தெரிந்தால் போதும், இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும். போட்டவளுக்குத்தான் அது தெரியும்.

சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். நடுவில் நீல வரிசை வந்தபோது மட்டும் கை நின்றுவிட்டது. அத்தை முதல்முதலாகக் கட்டிலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்ற அன்று போட்டது அது. அழுதேன். அழுதுகொண்டே அதையும் பிரித்தேன்.

மேசை விரிப்பு விஷயத்தில் எனக்கு மறதி இல்லை. கடைசி வரைக்கும் ஆறாறாகக் கூட்டினால்தான் தட்டையாக விரியும், நிறுத்தினால் பையாகிவிடும். ஊசி பிடித்தவளாக இருந்தால் எட்டாவது சுற்றிலேயே ஓரம் எழும்புவதைப் பார்த்துக் கையை நிறுத்தியிருப்பாள். நீ போட்டே பார்க்கவில்லை. உன் கடிதம் வந்த நாளிலிருந்து நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

கண்காட்சிக்கு இன்னும் பத்து நாள் இருக்கிறது. நீ போட்டதுதானே, மறுபடி போட்டுவிடு. ஊசியை உருண்டைகளுக்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறேன்.

நம் வீட்டிலிருந்து கிளம்பும் முன் அத்தையிடம் சொன்னேன், “அதைப் பிரிச்சுடப் போறேன் அத்தை” என்று. பெற்றவள் ஆயிற்றே, உனக்காக ஒரு வார்த்தை சொல்வார் என்று வாசலில் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், பையை இறக்கி வைத்திருப்பேன்.

“கடைசி முடிச்சு அந்த மஞ்சள் மூலையில இருக்கு, சின்னதாத்தான் போட்டே” என்றார். “மறக்காம உன் கண்ணாடிய எடுத்துட்டுப் போ.”

சாவியை நர்ஸிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணனுடைய மனைவி