குரலில்லாத கடைசிப் பாட்டு

அன்புள்ள அண்ணனுக்கு,

நீ தலைமறைவாகும்முன் வாசித்துப் பதிந்த பேஸ் கிட்டார் மெட்டின்மேல் ஆறு பேர் ஆளுக்கொரு ரெகே பாட்டுப் பாடித் தந்தார்கள். தொகுப்பு வெளிவந்துவிட்டது. யார் பெயரும் போடவில்லை. ‘பல கலைஞர்கள்’ என்பதே போதும். ரெகே தொகுப்புகளின் வழக்கப்படி கடைசியில் குரலில்லாமல் உன் வாசிப்பு மட்டும்.

அம்மா அதை மட்டும்தான் கேட்கிறாள்.

நேற்று அது ஓடிக்கொண்டிருக்கையில் ராணுவ அரசின் வார்டு அதிகாரி நம் பசுந்தாங் வீட்டுக்கு ஆள் கணக்குப் பார்க்க வந்தார். “இது யார் வாசிக்கிறது?” என்றார்.

“யாரோ வெளியூர்ப் புள்ள, சயா. எங்களுக்குத் தெரியாது” என்று பர்மிய மொழியில் சொன்னாள் அம்மா.

அவர் படியிறங்கியதும், உனக்குக் காய்ச்சல் வந்தால் நெஞ்சைத் தொட்டுப் பார்ப்பதுபோல ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

“நல்லாத்தான் இருக்கான்” என்றாள்.

இடம் எழுத வேண்டாம், அண்ணே. நலம் என்று ஒரு வரி போடு.

உன் தம்பி