வெள்ளை எலியின் பேரப்பிள்ளைகள்

அன்புள்ள மதினிக்கு,

கூட்டாமல் குறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதப்போகிறேன். இன்று பின்கட்டு அறையைப் பெருக்கும்போது, மூலையில் கிடந்த சாக்கிலிருந்து கொஞ்சம் நெல் உமி சிந்தியது. அந்த வாசம் வந்ததும் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அண்ணனைக் கல்யாணம் செய்துகொண்டு செல்லூருக்கு வந்த கொஞ்ச நாளிலேயே, பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்காக நீங்கள் வளர்த்த சுண்டெலிகளையும் கொண்டுவந்தீர்கள். அங்கே கூரை வேலை முடியும்வரை அவற்றுக்கு வேறு இடமில்லை. நம்முடையதோ, எலி நூலைக் கடித்துவிடும் என்று பூனை வளர்க்கிற தறிக்கார வீடு.

"ஊருல மருமக சீரு கொண்டாருவா. என் மருமக எலி கொண்டாந்திருக்கா!" என்றாள் அம்மா.

"கூண்ட விட்டு வெளிய வராது அத்தை."

"அதப் பூனைக்கிட்ட சொல்லிட்டியா?"

தன் சிரிப்புச் சத்தம் கேட்காமலிருக்க அண்ணன் தறியை ஓடவிட்டான்.

பின்கட்டு அறையில் கூண்டை வைத்து, அதில் உமி பரப்பி ஒரு வெள்ளைப் பெண்ணையும் ஒரு கறுப்பு ஆணையும் விட்டீர்கள். குட்டிகளுக்கு முடி முளைத்தபோது எல்லாமே பழுப்பு.

"வெள்ளைக்கும் கருப்புக்கும் இது எப்படிப் பொறக்கும்? நம்ம அடுப்படி எலி உள்ள பூந்திருக்கு. இம்புட்டுப் படிச்சும் ஏமாந்துட்டியே!"

"இல்ல அத்தை. வெள்ளைக்குப் பழுப்புக் கோலம் தெரியும், கையில பொடி இல்ல. கருப்புக்கிட்டப் பொடி இருக்கு, அந்தக் கோலம் தெரியாது. குட்டிக்கு ரெண்டும் கெடச்சிருச்சு. இதுக ஈனுற குட்டியில வெள்ளையும் வரும், கருப்பும் வரும்."

"வரலேன்னா எலியும் வேணாம், ஆராய்ச்சியும் வேணாம். சரியா?"

"சரி அத்தை."

ஒரு ஈத்தில் வெள்ளை வராமலும் போகலாம் என்று நீங்களேதான் எனக்குச் சொல்லியிருந்தீர்கள். ஏன் ஒத்துக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "அத்தை கூண்டுப் பக்கம் வந்து நின்னதே இன்னிக்குத்தான்" என்று சிரித்தீர்கள். பிறகு, தினமும் செய்வதுபோல, "அதுகளுக்கு இருட்டு வேணும்" என்று விளக்கை அணைத்தீர்கள்.

பழுப்புக் குட்டிகள் வளர்ந்து, அவையும் ஈன்றன. உரித்த நிலக்கடலை மாதிரி எல்லாம் ஒரே ரோஜா நிறம். நீங்கள்தான் காட்டினீர்கள்: பல குட்டிகளுக்கு மூடிய இமைக்குள் கறுப்பு தெரிந்தது, சிலவற்றுக்குத் தெரியவில்லை. கண்ணில் கறுப்பில்லாதவை வெள்ளையாகத்தான் வளரும். அம்மாவிடம் சொல்ல ஓடிய என்னைச் சடையைப் பிடித்து நிறுத்தினீர்கள்.

"நாம சொன்னா அவங்க நம்பணும். அவங்களே பாத்தா நம்ப வேண்டியதே இல்ல."

வாய் தவறிச் சொல்லிவிடுவேனோ என்று, முடி முளைக்கும்வரை நான் அம்மாவின் முகத்தையே பார்க்கவில்லை. கடைசியில் அம்மாதான் கத்தினாள்: "ஏத்தா, ஓடியா! பாட்டி நெறமும் வந்திருச்சு, தாத்தா நெறமும் வந்திருச்சு!" அன்று தெருப் பெண்களையெல்லாம் கூட்டிவந்து, கோலம், பொடி என்று அவளே விளக்கம் சொன்னாள். நீங்கள் பின்னால் நின்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள்.

கூரை வேலை முடிந்து எலிகள் திரும்பிப் போயின; கூண்டு மட்டும் பின்கட்டு அறையிலேயே தங்கிவிட்டது. போன ஐப்பசியில் மஞ்சள் காமாலை உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போதெல்லாம் விலங்கியல் வகுப்பில் விடை தெரிந்தவுடன் நான் துள்ளி எழுவதில்லை, மதினி. பக்கத்தில் இருப்பவள் தானே கண்டுபிடிக்கட்டும் என்று என் சடையை நானே பிடித்துக்கொள்கிறேன். அவள் கண்டுபிடிக்கிற நிமிடத்தில் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அதைப் பார்க்கக் கற்றது உங்களால்தான்.

எழுதிக்கொண்டிருக்கையில் அம்மா எட்டிப் பார்த்தாள். "இன்னும் என்ன அங்க? லைட்ட அமத்திட்டு வா, அதுகளுக்கு இருட்டு..." என்றவள் காலிக் கூண்டைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

இந்த வரியை அடுப்படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பின்கட்டு அறையின் விளக்கை அம்மா அணைத்துவிட்டாள்.