பீரோவில் பூட்டிய பட்டம்

மார்ச் 3
வேலை கிடைத்துவிட்டது. வெளிநாட்டுப் பள்ளியில் ஆங்கில ஆசிரியை. விசா நேர்காணல் 28ஆம் தேதி. பட்டச் சான்றிதழின் ஒரிஜினல் கையில் இருக்க வேண்டும். அது எங்கள் தலைமை ஆசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. வேலையில் சேர்ந்த அன்று வாங்கி வைத்தார்கள், பதினோரு வருடமாயிற்று. கேட்டேன். சிரித்துக்கொண்டே, “ஜூன்ல பாக்கலாம் டீச்சர்” என்றார். ஜூனில் வாங்கி என்ன செய்ய, சட்டம் போட்டு மாட்டவா?

மார்ச் 6
நாற்பத்திரண்டு வயதில் எதற்கு இந்தப் பிடிவாதம், தன்மையாகப் பேசிப் பார் என்கிறாள் அக்கா. பேசியாயிற்று. இரண்டு தடவை எழுதியும் கொடுத்தாயிற்று. பதினோரு வருடம் தன்மையாகத்தானே இருந்தேன்?

மார்ச் 9
கடைசி மணி அடித்ததும், அவர் அறைக்கு வெளியே பெற்றோருக்குப் போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். எட்டாம் வகுப்புக் கட்டுரை நோட்டுகளைத் திருத்தினேன். வெளியே வந்தவர் என்ன இது என்றார். “சர்டிபிகேட் வாங்க வந்திருக்கேன் சார். நீங்க வேலைய முடிங்க, அவசரமில்ல.” ஆறு மணிக்குப் பூட்டும்போதுதான் எழுந்தேன். ஒரே நோட்டை இரண்டு தடவை திருத்தியிருக்கிறேன். அவருக்குத் தெரிந்திருக்காது.

மார்ச் 10
இன்றும் உட்கார்ந்தேன்.

மார்ச் 13
ஃபீஸ் கட்ட வந்த ஓர் அம்மா, யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

மார்ச் 17
கணக்கு டீச்சர் வந்து முன்னால் நின்றாள். என்னைவிடச் சின்னவள், ஸ்டாஃப் ரூமில் வாயே திறக்காதவள். “என்னோடதும் உள்ளதான் இருக்கு டீச்சர். கொஞ்சம் நகருங்க.”
நகர்ந்தேன்.

மார்ச் 19
ஆறு பேர். பெஞ்ச் போதவில்லை. விளையாட்டு ஆசிரியர் நாற்காலி தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

மார்ச் 23
தலைமை ஆசிரியர் உள்ளே கூப்பிட்டார். மேசைமேல் என் சான்றிதழ். ஓரமெல்லாம் பழுத்திருந்தது. எடுத்துக்கொண்டு போகலாமாம், ஆனால் மற்றவர்களை எழுந்து போகச் சொல்ல வேண்டுமாம். கை நீண்டுவிட்டது — இங்கே எதற்குப் பொய், நீண்டுவிட்டது. ஐந்தே நாள்தான் இருக்கிறது.
“எல்லாருக்கும் குடுங்க சார். நான் கடைசியா வாங்கிக்கறேன்.”
வெளியே வந்ததும் அழுகை முட்டியது. ச்சே, எதுக்குடி அழற, லூசு.

மார்ச் 28
நேர்காணல் தேதி போயிற்று. கேட்காமலே எனக்குப் பிடித்த குழம்பை வைத்திருந்தாள் அக்கா. அதைத்தான் தாங்க முடியவில்லை. வெளிநாட்டுப் பள்ளிக்கு நடந்ததை நடந்தபடி எழுதிவிட்டேன். மாலையில் பெஞ்ச். இன்று ஒன்பது பேர்.

ஏப்ரல் 4
பீரோ திறந்தது! பெற்றோர் கூட்டத்தில் அந்த ஃபீஸ் கட்ட வந்த அம்மா எழுந்து, ஆசிரியர்களின் சான்றிதழ் ஏன் உங்களிடம் இருக்கிறது என்று கேட்டுவிட்டாராம். கிளார்க் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கையெழுத்து வாங்கினார். சொன்னபடி நான் கடைசி.

ஏப்ரல் 11
வெளிநாட்டுப் பள்ளியிலிருந்து பதில். செப்டம்பர் வரை இடத்தை எனக்காக வைத்திருக்கிறார்களாம். மே 20இல் புது நேர்காணல். மூச்சு வந்தது.

ஜூன் 6
விசா. அக்கா பாஸ்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “என்னடி, போட்டோல முறைக்கிற மாதிரி இருக்க?”
முறைக்கத்தான் செய்தேன்.

செப்டம்பர் 2
புதிய பள்ளி. அலுவலகப் பெண் ஒரிஜினலைக் கேட்டாள், நகல் எடுக்க. நாற்காலியைக் காட்டினாள். வேண்டாம் என்று மெஷின் பக்கத்திலேயே நின்றேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, திருப்பிக் கொடுத்துவிட்டாள். உறையில் போட்டு, பைக்குள் வைத்து, ஜிப்பை இழுத்து மூடிய பிறகுதான் வகுப்பு எந்தப் பக்கம் என்று கேட்டேன்.