இன்ஜினுக்குப் பூசிய பவுடர்

என் வீட்டுக்காரிக்கு, அன்புடன். உன் முழங்கால் வலி குறைந்ததா? உண்மையை எழுது. அம்மா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறார்களா? நான் நலம். இத்துடன் வைத்திருக்கும் போட்டோவில் என் இடது புருவத்தைக் காணோமே என்று பயப்படாதே, வளர்ந்துவிடும்.

இங்கே தொழிற்சாலை இன்ஜினில், புகைக்குழாய்க்குள் திரும்பும் ஒரு தண்டு வாரம் தவறாமல் இறுகிவிடும். அந்தச் சூட்டில் எண்ணெய் எரிந்துபோகிறது. நம் வாசல் பூட்டுக்கு நீ பென்சில் தூள் போடுவாயே, அந்த வித்தைதான் வேண்டும். ஆனால் பென்சில் கரியும் இங்கே தாங்காது. நான் விற்கும் வெள்ளைத் தூள் தாங்கும் என்று அடித்துச் சொல்லி, குழைத்துப் பூசினேன்.

இன்ஜினைக் கழற்றி மாட்டும் பிட்டர் சிரித்தார். “என்னண்ணே, இன்ஜினைப் பொண்ணு பாக்க வர்றாங்களா? பவுடர் போடுறீங்க.”

“புடிச்சிருக்கான்னு பத்து நாள் கழிச்சுக் கேட்டுக்குங்க” என்றேன்.

இறுகியிருந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான். பத்து நாள் முடிந்து நேற்றுக் குழாயைக் கழற்றியதும், ஆறும்வரை பொறுக்காமல் எட்டிப் பார்த்ததில் புருவம் பொசுங்கிப் போயிற்று. ஆறிய பிறகு பிட்டர் ஒரே விரலால் தள்ளினார். தண்டு வழுக்கிக்கொண்டு திரும்பியது! அந்த மனுஷனே என்னைக் கட்டிப்பிடித்தார். இனி ஆறு இன்ஜினுக்கும் நம் தூள்தான்.

ஆறையும் நானே நின்று பூசித் தர வேண்டுமாம். வருவது மூன்று மாதம் தள்ளும். உன்னைக் கேட்காமலே சரி என்றுவிட்டேன். திட்டி எழுது, இரண்டு பக்கமாவது எழுது. இப்போது நீ போர்த்திக்கொள்ளும் என் பழைய போர்வையை அனுப்பு, துவைக்க வேண்டாம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுபோகும் வண்டிக்காரர் வெளியே ஹாரன் அடிக்கிறார். பூட்டுக்குப் பென்சில் தூள் போட மறந்துவிடாதே. என் சாவி என் சட்டைப்பையிலேயே இருக்கிறது.