இரண்டு குட்டித் திருகுகள்

மார்ச் 3
பட்டறையைப் பாகம் பிரித்தாயிற்று. மரம் கடையும் பெரிய லேத் அண்ணனுக்கு. மரத்தைக் கவ்விப்பிடிக்க அதில் மாட்டும் சக், தட்டுகள், கடையும் உளிகள் எனக்கு. "கருவி பூரா அவளுக்கே குடுத்துட்டேன், இன்னும் என்ன?" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னான். லேத் இல்லாமல் இந்த இரும்பை வைத்து என்ன செய்ய? கதவுக்கு முட்டுக் கொடுக்கவா? பதினோரு வருஷம் அவன் பக்கத்தில் நின்று மரக்கிண்ணம் கடைந்திருக்கிறேன்.

மார்ச் 9
பழைய லேத் ஒன்று வாங்கினேன். சக்கை மாட்டும் தண்டு ஒல்லி. சக்கின் துளையோ பெரிசு. மாட்டினால் லொடலொடவென்று ஆடுகிறது. உள்ளே சின்ன மரை, வெளியே பெரிய மரை வைத்து, இரண்டையும் இணைக்க ஓர் அடாப்டர் வெட்டித் தரும்படி இரும்புக் கடைசல்காரரிடம் கேட்டேன். சிரித்தார்.
"உங்க அண்ணனும் நேத்துதான் வந்தாரு. புது சக் வாங்கினாராம், துளை சின்னதாம். அவருக்கு அப்படியே தலைகீழா ஒண்ணு. ரெண்டு பேரும் சக்கை மாத்திக்கிட்டா எனக்கு வேலையே இல்லியேம்மா."
"நீங்க உங்க வேலையப் பாருங்க."

மார்ச் 11
சக்கை மாற்றிக்கொள்ளலாமா என்று அண்ணி போனில் கேட்டாள். செத்தாலும் மாட்டேன்.

மார்ச் 17
கடைசல்காரர் ஒரு வாரம் மகள் வீட்டுக்குப் போகிறார். அண்ணனுடைய அடாப்டரையும் என்னிடமே கொடுத்துவிட்டார். என்னுடையதை மாட்டிப் பார்த்தேன். கச்சிதம். அவனுடையதும் அதே நேர்த்திதான். அதன் பக்கவாட்டில் இரண்டு குட்டித் திருகுகள் — லேத்தைப் பின்பக்கமாகச் சுற்றவிட்டால் அடாப்டர் கழன்றுவிடாமல் தண்டைக் கவ்விப்பிடிக்க. அண்ணன் லேத்தில் உப்புத்தாள் போடுவது எப்போதும் பின்சுற்றில். அவசரக்காரன், திருகு இருக்கிறதா என்று பார்க்கமாட்டான்.
திருகுகள் இரண்டையும் கழற்றி வைத்துக்கொண்டேன்.
சாயங்காலம் அண்ணி வந்து அடாப்டரை வாங்கிப்போனாள்.

மார்ச் 18
கழன்று விழட்டும். கிண்ணம் உடையட்டும். அவ்வளவுதானே? — அவ்வளவுதானா?

மார்ச் 20
உடைந்தது கிண்ணமில்லை. சக் கழன்று அடித்ததில் அண்ணியின் மணிக்கட்டு. அங்கே உப்புத்தாள் பிடித்தது முன்பு நான்; நான் பிரிந்து வந்த பிறகு அவள்தானாம். என் இடத்துல யாராவது நிப்பாங்கன்னு எனக்கு ஏன் தோணல? ஏன் தோணல?

மார்ச் 25
கடைசல்காரர் ஊர் திரும்பினார். "திருகு போடாம குடுத்துட்டான் பாவி!" என்று அண்ணன் அவர் கடை வாசலில் நின்று கத்தியிருக்கிறான். மூன்று பேர் கொடுத்த வேலையைத் திரும்ப வாங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். நேரே என்னிடம் வந்தார்.
"நான் போட்டேன்தானேம்மா? நீ பாத்தியா? வயசாயிடுச்சு, எனக்கே சந்தேகமா இருக்கு."
ஞாபகமில்லை என்றேன்.

மார்ச் 26
அவரையும் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போனேன். திருகுகளை மேஜைமேல் வைத்தேன். சொன்னேன். அண்ணன் கையை ஓங்கினான். கடைசல்காரர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு அண்ணி ஒன்றே ஒன்று கேட்டாள்: "என் முகத்தப் பாத்துட்டேதான குடுத்தே?"

ஏப்ரல் 30
புதுத் தட்டு ஒன்றுக்கு அடாப்டர் வேண்டியிருந்தது. கடைசல்காரர் கடையில் பழையபடி கூட்டம். உள்ளே அண்ணன் அவரோடு டீ குடித்துக்கொண்டிருந்தான். என்னைக் கண்டதும் கடைசல்காரர் கையை நீட்டித் தடுத்தார்.
"அங்கியே நின்னு அளவச் சொல்லும்மா."
வெயிலில் நின்றபடி சொன்னேன். எழுதிக்கொண்டார்.
"வெள்ளிக்கிழமை ரெடியாயிடும். உன் கையில குடுக்க மாட்டேன். வேற ஆளை அனுப்பு."
சரி என்றேன். வீடு வரும்வரை யோசித்தேன், யாரை அனுப்புவதென்று.