ஏழாம் மேசையின் அறுந்த எர்த் வயர்

அனுப்புநர்
திவாகரன் த/பெ சின்னையா,
டெக்னீஷியன்,
குருண், கெடா.

பெறுநர்
தொழிலாளர் அதிகாரி அவர்கள்,
தொழிலாளர் இலாகா,
சுங்கைப் பட்டாணி, கெடா.

பொருள்: தேவகி த/பெ முனியாண்டி என்பவரைப் பொய்க் காரணம் காட்டி வேலைநீக்கம் செய்தது, பிப்ரவரி 28க்கு முன் ஏழாம் மேசையைச் சோதிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் தொழிற்சாலையில் ரேடியோ அலைவரிசைப் போர்டுகள் செய்கிறோம். நம் உடம்பில் தேங்கும் நிலைமின்சாரம், நமக்கே தெரியாத அளவு இருந்தாலும், அவற்றின் சில்லை (சிப்பை) கருக்கிவிடும். சில்லுக்கு அருகே பெரிய பாதுகாப்பு உறுப்பு வைத்தால் அலைவரிசை கெடும். ஆகவே போர்டைத் தொடுபவர் மணிக்கட்டில் பட்டை கட்டி, அதன் வயரை மேசையின் எர்த்தில் செருக வேண்டும்; அப்போது அந்த மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும்.

2. ஜனவரியில் ஏர்கோன் குளிர்சாதனக் குழாய் பதிக்கத் தரையைத் தோண்டியபோது ஏழாம் மேசையின் எர்த் வயர் அறுந்தது. தினமும் காலையில் மேசைகளை அளப்பது என் வேலை. சூப்பர்வைசர் புவனேசனிடம் மூன்று முறை சொன்னேன். "ஓகேன்னு எழுது தம்பி, லைன் நிக்கக் கூடாதுலா" என்றார். எழுதினேன். இருபத்துமூன்று தாள்களில் என் கையெழுத்து இருக்கிறது. அந்த மேசையில் வேலை செய்த தேவகி அக்காவிடம் நான் சொல்லவில்லை.

3. அந்த மேசையில் செய்த போர்டுகள் கருகிப்போனவை என்று வாங்கியவர்களிடமிருந்து திரும்பி வந்தன. அக்கா தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்து இடது கையில் காப்புக் கயிறு கட்டியிருந்தார். எல்லாரும் பட்டை கட்டுவது அந்தக் கையில்தான். கயிறு இடையில் வந்தால் பட்டை தோலில் படாது என்று அவரே பட்டையை வலது கைக்கு மாற்றிக்கொண்டார். வயர் குறுக்கே விழ, சிரமப்பட்டே வேலை செய்தார். பட்டையில் குறையில்லை. செருகிய இடத்தில் எர்த் இல்லை.

4. 6.2.2025 விசாரணையில் இடது கையை மட்டும் பார்த்தார்கள். கயிறுதான் காரணம் என்றார்கள். கயிறு கட்டுகிறவர்கள் எந்த இனத்தார் என்று எல்லாருக்கும் தெரியும். பழியைப் போட அது வசதியாக இருந்தது. மனிதவள அதிகாரி ஒரு கத்தரிக்கோலை மேசைமேல் வைத்தார். வெட்டச் சொல்லவில்லை. அக்காவே வெட்டினார். பூசத்துக்கு ஐந்து நாள் இருந்தது. சாட்சியாக உட்கார்ந்திருந்த நான் வாய் திறக்கவில்லை. மாலையில் கடிதம் கொடுத்தார்கள். 'வேண்டுமென்றே செய்த அலட்சியம்' என்று அதில் இருக்கிறது. பதினொரு வருடம் வேலை செய்தவரை அந்த வார்த்தையோடு வேறு எந்தத் தொழிற்சாலையும் சேர்க்காது. பால்குடமும் எடுக்கவில்லை.

5. வரும் 28ஆம் தேதி அந்த வயரை மாற்றப் போகிறார்கள். பிறகு அளந்தால் எல்லாம் சரியாகவே இருக்கும். அதற்கு முன் ஆய்வாளரை அனுப்பி மேசையை அளக்கவும், அக்காவை மீண்டும் வேலையில் சேர்க்க நடவடிக்கை எடுக்கவும் பணிவுடன் வேண்டுகிறேன். இம்மனுவின் மலாய் மொழிபெயர்ப்பை இணைத்துள்ளேன். என் பெயரை மறைக்க வேண்டியதில்லை. மீட்டரை மட்டும் உங்கள் அலுவலகத்திலிருந்து கொண்டு வரச் சொல்லுங்கள். எங்களுடையதை நம்ப வேண்டாம்; அதைப் பிடித்திருந்தவன் நான்.

நாள்: 24.2.2025
இடம்: குருண்

மனுதாரர்,
(ஒப்பம்)
திவாகரன் த/பெ சின்னையா